சின்னவிரல் விறைக்குது, நாரி உளையுது: சாப்பாட்டு மேசையில் கோட் எழுதுபவர் எதை முதலில் மாற்றலாம்?

கேட்டவர்: கொட்லின்கொத்து

வணக்கம். பெக்கெண்ட் வேலை (சேவர் பக்கத்துச் சொஃப்ட்வெயர் எழுதுவது). இருப்பது கொழும்பில்: கிழமையில் மூன்று நாள் வெள்ளவத்தை வீட்டிலிருந்து, இரண்டு நாள் கோட்டையில் ஒஃபிஸ். வீட்டில் இருப்பது சாப்பாட்டு மேசை, மரக்கதிரை, 15 அங்குல லப்டொப், அவ்வளவுதான். கிளையண்ட் அமெரிக்காவின் கிழக்குக் கரையில், அதனால் கோல் இரவு 7:30க்குத் தொடங்கும்.

பிரச்சினைகள்: இடது கையில் சின்னவிரலும் மோதிரவிரலும் விறைக்குது. பின்னேரமானால் நாரி உளைவு. கண் எரிவு. கொம்பனி மெடிக்கலில் வெறுவயிற்றுச் சீனி 108.

கேள்விகள்: (1) காசு கொஞ்சம்தான் இருக்கு, எதை முதலில் வாங்குவது? (2) நின்று வேலை செய்யும் மேசை பிரயோசனமா? (3) மணிக்கட்டுக்குப் பட்டி வாங்கலாமா? (4) எழும்பச் சொல்லி ஞாபகப்படுத்த நல்ல அப் ஏதும் இருக்கா? ஜிம் சரிவராது, நேரமில்லை.

---

கதிரைக்காரன்

முதல் காசு தனிக் கீபோர்டுக்கும் மவுஸுக்கும். கதிரை பிறகு. லப்டொப்பில் திரையும் கீபோர்டும் ஒன்றாக ஒட்டியிருப்பதுதான் கரைச்சல். கைக்குச் சரியாக வைத்தால் பிடரி குனியும், பிடரிக்குச் சரியாக வைத்தால் தோள் ஏறும். தனிக் கீபோர்ட் வந்தால் லப்டொப்பைப் புத்தக அடுக்கில் ஏற்றிவிடலாம். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது ஒரு விரல் கீழே, தூரம் 50 முதல் 70 செ.மீ. எண்பலகை இல்லாத கீபோர்டாகப் பார்த்து வாங்குங்கோ, மவுஸ் உடம்புக்குக் கிட்ட வரும். கீபோர்டின் பின்கால்களை மடக்கியே வையுங்கோ, நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.

அடுத்தது உயரம். சாப்பாட்டு மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. அளவு. எழுதுவதற்கு அது கூட. கதிரையில் இருந்து தோளைத் தளர்த்தி, முழங்கையை 90 பாகைக்கு மடக்கி, நிலத்திலிருந்து முழங்கை வரை அளக்கச் சொல்லுங்கோ. மேசை அதைவிட 6 செ.மீ. உயரம் என்றால் இருக்கையை 6 செ.மீ. உயர்த்த வேண்டும். மெத்தை வைத்தால் அதன்மேல் இருந்துகொண்டே அளவெடுங்கோ. மென்மையான ஃபோம் பாதிக்கு அமுங்கிவிடும். இருக்கை ஏறினால் கால் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தும், அதனால் காலடியிலும் அதே உயரம் வேண்டும். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஏறக்குறைய 5 செ.மீ., உடைக்காத கட்டு இரண்டைப் பக்கம் பக்கமாக வையுங்கோ, போதும்.

நாரிக்கு: குளிக்கும் துவாயை 10 செ.மீ. தடிப்பில் சுருட்டி, இடுப்புப்பட்டி மட்டத்தில் முதுகுக்குப் பின்னால் வையுங்கோ. பிட்டம் கதிரையின் பின்பக்கம் வரை போக வேண்டும், இல்லாவிட்டால் துவாய் வீண்.

எல்லாரும் விடுகிற ஒன்று: எழுத்தின் அளவு. எடிட்டரில் 11 வைத்துக்கொண்டு ஆயிரம் ரூபாய்க் கதிரையில் இருந்தாலும் லட்ச ரூபாய்க் கதிரையில் இருந்தாலும் தலை முன்னுக்குத்தான் போகும். 15 அல்லது 16க்கு ஏற்றுங்கோ.

---

இயன்மருத்துவம்

மூன்றாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் இங்கே பலர் பிழையான பட்டியை வாங்குகிறார்கள்.

எந்த விரல் விறைக்கிறது என்பதை வைத்து எந்த நரம்பு என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி என்றால் அது மணிக்கட்டின் நடுவால் போகும் மீடியன் நரம்பு. இரவில் விறைத்து எழும்பிக் கையை உதறுபவர்கள் பெரும்பாலும் இந்த வகை, அவர்களுக்குப் பட்டி உதவும். உங்களுடையது சின்னவிரலும் மோதிரவிரலும். அது அல்னார் நரம்பு. முழங்கையின் உட்பக்க எலும்புக்குப் பின்னால், தோலுக்கு மிகக் கிட்டவாகப் போகும். முழங்கை எங்கேயாவது இடிபட்டால் சுரீர் என்று விரல்வரை ஓடுமே, அதே நரம்பு. மணிக்கட்டைக் கட்டுவதால் அதற்குப் பெரிதாக நன்மை இல்லை.

அதை அழுத்துவன இரண்டு. ஒன்று, மர மேசையின் கூரான விளிம்பில் முழங்கை ஊன்றுவது. மற்றது, முழங்கையை 90 பாகைக்கு மேல் கனநேரம் மடக்கி வைத்திருப்பது: கோலில் ஃபோனைக் காதில் பிடிப்பது, நாடிக்குக் கை கொடுத்து வாசிப்பது, கையை மடக்கித் தலையணைக்குக் கீழ் வைத்து நித்திரை கொள்வது. செய்ய வேண்டியது:

மேசை விளிம்புக்குத் தடித்த துணியோ ஃபோம் பட்டியோ ஒட்டுங்கள், இல்லாவிட்டால் முழங்கையை ஊன்றாமலே பழகுங்கள். கீபோர்டைச் சற்று முன்னால் தள்ளி முழங்கைக் கோணத்தை 100, 110 பாகைக்குத் திறவுங்கள். கோலுக்கு ஹெட்செட். இரவில் சிறிய துவாயை முழங்கை மடிப்பைச் சுற்றித் தளர்வாகச் சுற்றிக் கட்டுங்கள். இறுக்க வேண்டாம், முழுதாக மடங்காமல் தடுத்தால் போதும். சில கிழமைகள் தொடர்ந்து செய்துதான் பலன் பார்க்க வேண்டும், நரம்பு அவசரப்படாது.

விறைப்பு நாள் முழுக்க நின்றாலோ, போத்தல் மூடி திறக்கப் பிடி குறைந்தாலோ, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் புறங்கைச் சதை பள்ளமாகத் தெரிந்தாலோ காத்திருக்காமல் வைத்தியரிடம் போய் நரம்புக் கடத்தல் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். நாரி விஷயத்தில் கால் பலம் குறைவது, தொடை இடுக்கில் விறைப்பு, சிறுநீர் போவதில் சிக்கல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சாதாரண நாரி உளைவுக்கு மருந்து அசைவுதான். 30, 40 நிமிடத்துக்கு ஒருதரம் எழும்புவது, அத்துடன் நாளுக்கு ஒருமுறை இரண்டு பயிற்சி: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது 10 தரம், கையும் முழங்காலும் ஊன்றி எதிர்க்கையையும் எதிர்க்காலையும் நீட்டி 10 செக்கன் பிடிப்பது, பக்கத்துக்கு 6 தரம். சில நிமிட வேலை.

108 பற்றி: வெறுவயிற்றில் 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை. ஒரு சோதனையை வைத்து முடிவெடுக்காமல் எச்பிஏ1சியும் (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தச் சோதனை) பாருங்கள், அதில் 5.7 முதல் 6.4 வரை அதே எல்லை. இடுப்புச் சுற்றையும் அளவுங்கள்: தென்னாசியருக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. எல்லை. மெல்லியவர்கள் என்று சொல்லப்படும் எங்கள் ஆட்களுக்கே வயிற்றுக்குள் கொழுப்புச் சேரும்.

---

பில்ட்உடைஞ்சுது

(4)க்கு. அப் இருக்கு, வேர்க்ரேவ், ஸ்ட்ரெச்லி இரண்டும் இலவசம். ஆனால் ஓன்கோல் (சேவர் பழுதானால் எந்த நேரமும் பார்க்கிற முறைவேலை) பார்த்தவர்களுக்குத் தெரியும், தேவையில்லாமல் அடிக்கிற அலாரத்தை ஆள் பார்க்காமலே மூடிப் பழகிவிடும். 30 நிமிடத்துக்கு ஒருதரம் வரும் பொப்அப்பும் அப்படித்தான். யோசனை பாதியில் நிற்கும்போது வந்தால் கை தானாக 'பிறகு' என்பதை அழுத்தும்.

நேரத்தில் கட்டாமல் வேலையில் கட்டுங்கோ. டெஸ்ட் ஓடவிட்டால் எழும்பு. புல் ரிக்வெஸ்ட் (எழுதின கோட்டை மற்றவர் பார்த்துச் சேர்க்கக் கேட்கிறது) அனுப்பினால் எழும்பு. கோல் முடிஞ்சால் எழும்பு. அந்த இடத்தில் மண்டை எப்படியும் விட்டுப்போய்த்தான் இருக்கும். இப்ப ஏஐ உதவியாளுக்கு வேலை குடுத்தால் சில நிமிடம் சும்மா இருக்க வருது, எல்லாரும் அந்த நேரத்தில் ஃபோனைத் திறக்கிறாங்கள், அதே கதிரை அதே குனிவு. அதுக்குள்ள 10 ஸ்குவாட், சுவரில் ஊன்றி 10 தண்டால் முடியும். தட்டச்சு குறைஞ்சு வாசிப்புக் கூடினதாலதான் கண் எரிவும் கூடுது. ஊன்றி வாசிக்கும்போது கண் இமைக்கிறது குறையும், ஏசி காற்று நேரே முகத்தில் அடிச்சால் இன்னும் மோசம். ஏசியின் தட்டைத் திருப்பிவிட்டு, எழும்பும்போது யன்னலால் 6 மீற்றருக்கு அப்பால் 20 செக்கன் பாருங்கோ.

மேசையில் பெரிய தண்ணிப் போத்தல் வைக்காதீங்கோ. 300 மி.லீ. கிளாஸ் வையுங்கோ, முடிஞ்சால் குசினிக்குப் போகத்தான் வேணும்.

நிற்கிற மேசை? அது உடற்பயிற்சி இல்லை. நாள் முழுக்க நின்றால் காலும் நாரியும் வேறமாதிரி நோகும். அந்தக் காசுக்கு நல்ல மொனிட்டர் ஒன்று.

---

மரைன்டிரைவ்

நிற்கும் மேசையில் முழுதாக உடன்படவில்லை. கோலுக்கு மட்டும் நின்றால் நல்லது. சாப்பாட்டு அலுமாரியின் மேல் லப்டொப்பை வைத்தாலே அந்தத் தேவை முடிந்துவிடும்.

ஒஃபிஸ் நாள் இரண்டையும் நடைக்கு விடுங்கோ. கோட்டையிலிருந்து ரெயினில் வருகிறீர்கள் என்றால் பம்பலப்பிட்டியில் இறங்கி மரைன் டிரைவால் வெள்ளவத்தைக்கு நடவுங்கோ, அரை மணித்தியாலத்துக்குள் வரலாம். காலி வீதியால் வேண்டாம், பஸ் புகை. தண்டவாளத்தாலும் வேண்டாம், கடற்காற்றில் ரெயின் சத்தம் பிந்தித்தான் கேட்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை வழக்கம், அந்த மாதங்களில் காலை 6 மணிக்கு மாற்றுங்கோ. விடியவும் பொழுதுபடவும் டெங்கு நுளம்பு அதிகம் கடிக்கும், காலுக்கு ஏதாவது பூசிக்கொண்டு போங்கோ. உலக சுகாதார நிறுவனம் சொல்வது கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வேகநடை போன்ற மிதமான உடற்பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. நடை மட்டும் காணாது. 5 லீற்றர்த் தண்ணீர் கான் இரண்டு, ஒவ்வொன்றும் 5 கிலோ. நாரியை நேராக வைத்து முன்னால் சாய்ந்து இடுப்புவரை இழுப்பது 10 தரம், மூன்று சுற்று. ஜிம் தேவையில்லை.

சீனிக்கு: கோல் 7:30 என்றால் 6:45க்குச் சாப்பிட்டுவிட்டு 15 நிமிடம் நடவுங்கோ, நடக்கும் தசை இரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுக்கும். கோல் முடிந்து 9:30க்குக் கொத்துரொட்டி எடுப்பதுதான் எதிரி. மார்ச்சில் அமெரிக்காவில் மணிக்கூட்டை மாற்றினால் கோல் 6:30க்கு வரும், அப்போது சாப்பாட்டைக் கோலுக்குப் பிறகு வையுங்கோ, கனதி குறைவாக. தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி சீனி ஏறக்குறைய 8 முதல் 10 கிராம். ஐந்து கோப்பை என்றால் கணக்கை நீங்களே போடுங்கோ. பின்னேரம் 4க்குப் பிறகு கோப்பியும் தேத்தண்ணியும் வேண்டாம். சோடா போத்தலில் சிவப்பு அடையாளம் இருந்தால் 100 மி.லீ.க்கு 11 கிராமுக்கு மேல் சீனி.

---

கொட்லின்கொத்து

எல்லாருக்கும் நன்றி. அளந்தேன்: மேசை 76, முழங்கை 67. மெத்தை வைத்து 9 செ.மீ. உயர்த்தினால் மேசைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டம் தொடையில் இடிக்குது. என்ன செய்யலாம்?

---

கதிரைக்காரன்

அப்படியானால் இருக்கையை உயர்த்தாதீங்கோ, கீபோர்டைக் கீழே இறக்குங்கோ. மேசைக்கு அடியில் பூட்டும் தட்டு உங்களுக்குச் சரிவராது, அதே சட்டம் மறிக்கும். 1.5 செ.மீ. தடிப்பில், 60க்கு 25 செ.மீ. பலகை ஒன்றைத் தச்சரிடம் அறுத்து, விளிம்பை உரஞ்சி, மடியில் வைத்து அதில் கீபோர்டும் மவுஸும் வையுங்கோ. முழங்கை தானாகத் திறக்கும், மேசை விளிம்பிலும் படாது. கதிரையைச் சட்டத்துக்கு வெளியே ஒரு சாண் இழுக்க வேண்டி வரும், திரையையும் அதே அளவு கிட்டக் கொண்டுவாங்கோ. பலகைக்குக் கீழே ரப்பர் பாய்த் துண்டு ஒட்டினால் வழுக்காது.