"பாஸ் அவுட்" எண்டு சொல்லி மாட்டுப்பட்ட கதை உங்களிட்டயும் இருக்கா?

கல்லடிப் பாலம்:
சுனாமிக்கு அடுத்த வருசம். மட்டக்களப்பில எந்த ஒழுங்கைக்குள்ள கிறுகினாலும் ஒரு என்.ஜீ.ஓ போர்ட். நானும் ஒரு இன்டர்வியூவுக்குப் போனன். எதிர ஒரு வெள்ளக்காரப் பொம்புள. பாடமாக்கிக்கொண்டு போன வசனத்த விட்டன்: "ஐ பாஸ்ட் அவுட் இன் 2003, மேடம்."

அவ பேனைய நிப்பாட்டிப்போட்டு, குரலத் தாழ்த்தி, சண்டையாலயா எண்டு கேட்டா. நமக்கு நாலு வருசப் படிப்பு ஆறு வருசம் இழுபட்டது சண்டையாலதானே. "யெஸ் மேடம். நொட் ஒன்லி மீ. ஹோல் பட்ச்" எண்டன்.

மனிசி கண்ணாடியக் கழட்டி மேசையில வெச்சா. மறுகா கொப்பியில என்னமோ எழுதினா, கனக்க எழுதினா. வேல கிடைச்சிது. ரெண்டு மாசம் கழிச்சு அங்க இருந்த ஒரு அண்ணன்தான் சொன்னாரு, அவங்கட இங்கிலீசில அது மயங்கி விழுறதாம். பட்ச் முழுக்க ஒண்டா மயங்கி விழுந்த கதை அந்தக் கொப்பியில இப்பவும் கிடக்கும். இரக்கப்பட்டுத்தான் வேல தந்தாவோ எண்டுறது இருபது வருசமா அரிக்குது.

பொட்டுவில் ஓட்டோ:
எனக்குத் தலகீழா நடந்த. அறுகம்பே, ஓகஸ்ட் சீசன், விடியப்புறம். ஒரு வெள்ளப் பொடியன் மணல்ல மல்லாக்கக் கிடக்கான். கூட்டாளி ஓடி வந்து "ஹி பாஸ்ட் அவுட், ஹி பாஸ்ட் அவுட்" எண்டுறான். என்ட மச்சான்ட மகன் அந்தக் கிழமதான் ஒலுவில் கம்பஸ்ல பாஸ் அவுட் ஆகி வீட்டில புரியாணி. நானும் சிரிச்சிக்கிட்டு, கைய நீட்டி, "கொங்கிராஜுலேஷன்" எண்டன்.

அவன் என்ட கையையும் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்த பார்வ இரிக்கே! மறுகா தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தம். ராவு முழுக்கக் குடிச்சிரிக்கான். காசும் வாங்கல்ல.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
முதலாவது தம்பி பேசியது பிழையே இல்லை, ஏன் வெட்கப்படுகிறீர்கள்? பிரித்தானிய இராணுவத்தில் பயிற்சி முடித்து வெளியேறுவதும் "பாசிங் அவுட்" தான். சாண்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் பயிற்சி முடிவில் நடக்கும் அணிவகுப்பையும் பேச்சுவழக்கில் அப்படிச் சொல்வார்கள். நம் நாட்டிலும் இந்தியாவிலும் அதைப் பல்கலைக்கழகத்துக்கும் நீட்டிக்கொண்டோம். இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் நானும் இப்படிச் சொன்னேன். "எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டார். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இளைஞர்கள் சிலதைத் தெரிந்துகொள்ள வேண்டும். "பாஸ்" என்பதற்கு வேர் லத்தீன் "பாஸுஸ்", காலடி என்று பொருள். "பாஸ் அவுட்" என்பதற்கு மயங்கி விழும் அர்த்தம் அச்சில் வந்தது 1915 அளவில். அதற்குச் சற்று முன் இதே சொல்லுக்கு "இறத்தல்" என்றும் பொருள் இருந்தது. அமெரிக்கர் தாள்களைப் பங்கிடுவதற்கும் இதையே சொல்வார்கள். பங்கிடும்போது பங்கிடும் பொருளை இரண்டு சொல்லுக்கும் நடுவில் வைக்கலாம்: "பாஸ் த பேப்பர்ஸ் அவுட்". மயங்கும்போது நடுவில் வைக்க எதுவும் கிடையாது. வினையோடு சிறுசொல் சேர்ந்து புதுப்பொருள் தரும் இவ்வகைக்கு "பிரேசல் வெர்ப்" என்ற பெயரைத் தந்தவர் ஒக்ஸ்போர்ட் அகராதியின் ஹென்றி பிராட்லி என்று எழுத்தாளர் லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் எழுதினார். தனிச்சொல்லாகப் பாடமாக்காதீர்கள். கொப்பியில் முழு வசனமாக எழுதி, காலையில் ஐந்து, இரவில் ஐந்து, சத்தமாக

பொட்டுவில் ஓட்டோ:
சேர், நடுவுல என்ன வைக்கிறதெண்டு பார்த்துக்கிட்டு நிண்டா அந்தப் பொடியன் மௌத்தாப் போயிரிப்பான்.

கல்முனை ரீச்சர்:
சேர் ஒரு வரியில தாண்டிப் போனாரே, "இறத்தல்" எண்டு. எனக்கு அந்த வரியிலதான் கண் நிண்ட.

தமிழிலயும் இது இரிக்கிதானே. "போடு" தெரியும், "குடு" தெரியும். "போட்டுக்குடுத்தான்" எண்டா ஆரும் சொல்லித் தராம வெளங்குமா? அப்பிடித்தான் புள்ளைகள் தடுமாறுறாங்க. 2010ல டியூசனுக்கு வந்த ஒரு புள்ள, கடக்கரப் பக்கம். குடும்பத்தப் பத்தி எழுதச் சொன்னன். "மை பாதர் பாஸ்ட் அவுட் இன் த சுனாமி" எண்டு எழுதியிரிந்தா.

சிவப்புப் பேனையோட இரிந்தன். "அவுட் இல்லம்மா, அவே" எண்டன். "அவே எண்டா என்ன ரீச்சர்?" எண்டு கேட்டா. தூரப் போறது எண்டன். கொப்பியப் பார்த்துக்கிட்டே, "வாப்பா வீட்டுக்குள்ளதான் இரிந்த. தண்ணி வந்து வெளியதானே இழுத்துக்கிட்டுப் போன" எண்டா.

பேனைய மூடி வெச்சிட்டன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வருந்துகிறேன், மகள். ஆயினும் "பாஸ்ட் அவே" என்பதே சரி. திருத்தியிருக்க வேண்டும், புள்ளி போய்விடும்.

கல்முனை ரீச்சர்:
அந்தக் கொப்பிக்குப் புள்ளி போட்டது நான்தானே, சேர்.