சைனஸ் ஸ்கேனுக்கு முன் மூக்குச் சொட்டு மருந்து போடலாமா?

கேள்வி:
மூன்று மாதங்களாக மூக்கடைப்பும் கன்னத்தில் கனமும் இருப்பதால் சைனஸ் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து போடாமல் எனக்கு உறக்கம் வருவதில்லை. ஸ்கேன் எடுக்கும் நாளிலும் அதைப் போட்டுக்கொண்டால், வீக்கம் வடிந்து, நோயே இல்லை என்று அறிக்கை வந்துவிடுமா?

மறுமொழி 1 (ஸ்கேன் பிரிவு ஊழியர்):
அப்படி வராது. சில மையங்களில் படமெடுப்பதற்குச் சற்று முன்பு அவர்களே இம்மருந்தைத் தெளித்து மூக்கைச் சிந்தச் சொல்வதுண்டு. தற்காலிக வீக்கமும் சளியும் விலகினால் நிலையான நோய் தெளிவாகத் தெரியும் என்பதே அதன் நோக்கம்.

மறுமொழி 2 (காது மூக்கு தொண்டை மருத்துவர்):
மூக்கின் பக்கச் சுவரிலுள்ள டர்பினேட்டுகள் என்னும் மடிப்புகளில் இரத்தம் தேங்கும் சிரைக் குழிகள் நிறைய உண்டு; மருந்து அவற்றைச் சுருக்குவதால்தான் மூச்சு திறக்கிறது. கன்னத்துச் சைனஸ் என்னும் காற்றறையின் உள்சவ்வில் அத்தகைய குழிகள் இல்லாததால், அங்குள்ள தடிப்பும் நீரும் சொட்டு மருந்தால் மறைந்துவிடுவதில்லை. கண்களுக்கிடையே உள்ள எத்மாய்டு சைனஸ் மட்டும் சற்று வேறு: சில மணி நேரத்துக்கொருமுறை ஒரு நாசி அடைத்து மறு நாசி திறக்கும் இயல்பான சுழற்சியோடு அதன் சவ்வும் சற்றுத் தடித்து மெலிவதை எம்.ஆர்.ஐ. படங்களில் காணலாம். சி.டி. படத்தில் தெரியும் சைனஸ் நோயின் அளவுக்கு 0 முதல் 24 வரை மதிப்பெண் இடும் லண்ட்-மக்கே முறையில் மூக்கின் டர்பினேட் வீக்கத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

நம் ஊரில் 'சதை வளர்ந்திருக்கிறது' என்று சொல்லப்படுவது பல வேளைகளில் வீங்கிய டர்பினேட்தான். அது மருந்துக்குச் சுருங்கும். உண்மையான பாலிப் (சவ்விலிருந்து வளரும் மென்மையான சதைக்கட்டி) அவ்வளவாகச் சுருங்காது. என்னைக் கேட்டால், மருந்தைவிட ஸ்கேன் எடுக்கும் காலமே முக்கியம். சளி பிடித்திருக்கும்போது எடுத்தால், வேறு கோளாறு இல்லாதவருக்கும் சைனஸ் சவ்வு தடித்துத் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஒரு மாதமாகத் தினமும் இரவில் போடுகிறேன். அதை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்ல வேண்டுமா?

மறுமொழி 2:
அவசியம் சொல்லுங்கள், கடைசியாகப் போட்ட நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணிந்ததும் முன்பைவிட அதிகமாக அடைக்கத் தொடங்கும். ஆகவே உங்கள் மூக்கடைப்பில் ஒரு பங்கு இந்த மருந்தாலேயே வந்திருக்கக்கூடும். அதைப் படத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.