கிளாமெருலஸ் மாடலில் ஜிஎஃப்ஆர் 205 வருகிறது, ஏன்?

கேள்வி:
சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் தந்துகிக் கொத்துதான் கிளாமெருலஸ்; அதில் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. நீர் வடிகிறது என்பதே ஜிஎஃப்ஆர். அதைக் கணக்கிட, இரு சிறுநீரகங்களையும் சேர்த்து ஒரே தந்துகியாகக் கொண்டு பைத்தானில் எழுதியிருக்கிறேன். வடிகட்டல் கெழு (ஒரு மி.மீ. பாதரசத்துக்கு) நிமிடத்துக்கு 12.5 மி.லி., தந்துகி அழுத்தம் 60, போமன் உறை (வடிந்த நீரை ஏந்தும் உறை) அழுத்தம் 18, பிளாஸ்மா ஓட்டம் நிமிடத்துக்கு 600 மி.லி., புரதம் டெசிலிட்டருக்கு 7 கிராம். விடை 205. ஓட்டத்தை 300 ஆக்கினாலும் அதே 205. எங்கே பிசகு?

பதில்:
ஓட்டம் பாதியாகியும் விடை அசையவில்லை என்பதே துப்பு. புரதத்தின் ஆஸ்மாட்டிக் அழுத்தத்தை (நீரைத் தந்துகிக்குள்ளேயே இழுத்து வைக்கும் அழுத்தம்) நுழைவாயில் மதிப்பிலேயே நிறுத்திவிட்டீர்கள். 7 கிராமுக்கு அது 25.6. 60-க்கும் 18-க்கும் உள்ள வேறுபாடு 42-இல் அதைக் கழித்து 12.5-ஆல் பெருக்கினால் உங்கள் 205 வந்துவிடும்.

நீர் வெளியேற வெளியேற, புரதம் உள்ளேயே தங்கிச் செறிவு ஏறும். ஆகவே ஒவ்வொரு படியிலும் செறிவு = 7 × 600 ÷ மீதி ஓட்டம். அதை, செறிவிலிருந்து ஆஸ்மாட்டிக் அழுத்தத்தைத் தரும் லாண்டிஸ்–பாப்பன்ஹைமர் சமன்பாட்டில் இடுங்கள்: 2.1செ + 0.16செ² + 0.009செ³. இங்கே செ டெசிலிட்டருக்குக் கிராம். லிட்டர் கணக்கில் கொடுத்தால் எல்லாம் பாழ். முடிவில் செறிவு 8.8, அழுத்தம் 37, ஜிஎஃப்ஆர் ஏறத்தாழ 125. ஓட்டம் 300 என்றால் 76-ஐ ஒட்டி வர வேண்டும். இந்தச் சோதனையை நிரலிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள்.

இன்னொருவர்:
600 என்பது பிளாஸ்மா ஓட்டம்தானே? ரத்த ஓட்டம் சுமார் 1,100, ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 0.45 என்றால் அதில் 0.55 பங்குதான் பிளாஸ்மா. இதைப் பலரும் தவறவிடுகிறார்கள்.

கேட்டவர்:
600 பிளாஸ்மாதான். 125 வந்துவிட்டது, நன்றி. ஆனால் கெழுவை 125 ஆக்கினால் நடுவில் வடிகட்டல் எதிர்க்குறியாகிறது. ஆய்லர் முறை (ஒவ்வொரு படியிலும் தொடக்க வீதத்தை வைத்தே முன்னேறுவது), தந்துகி நீளத்துக்கு 10 படிகள்.

பதில்:
படி பெரிது. முதல் படியிலேயே 125 × 16.4 × 0.1 = 205 மி.லி. வெளியேறுகிறது. உங்கள் அழுத்தங்களில் ஏறத்தாழ 157-லேயே சமநிலை வந்துவிடும். அதைத் தாண்டியதால் குறி மாறுகிறது. எதிர்க்குறியைச் சுழியமாக வெட்டி மறைக்காதீர்கள், பிழை உள்ளேயே இருக்கும். 200 படிகள் வையுங்கள், பிறகு 400-இல் விடை மாறுகிறதா பாருங்கள். இல்லாவிட்டால் உள்ளார்ந்த முறைத் தீர்ப்பானுக்கு (படியின் முடிவு மதிப்பையே வைத்துத் தீர்க்கும் implicit solver) மாறுங்கள்.

அடுத்து, தந்துகி அழுத்தத்தை 60 என்று கையால் கொடுக்காமல், உள்வரு, வெளியேறு நுண்தமனிகளின் தடைகளிலிருந்து கணக்கிடுங்கள். வெளியேறும் ரத்தம் = உள்வரும் ரத்தம் − ஜிஎஃப்ஆர். இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், விடை நிலைக்கும்வரை சுற்ற வேண்டும்.