‘சூழல்நேய எரிபொருள்’ என்ற சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

சங்கிலி வாள், புல்வெட்டும் கருவி போன்ற சிறு பொறிகளுக்கென்று தனிக் கலன்களில் விற்கப்படும் அல்கைலேட் பெட்ரோலுக்குச் ‘சூழல்நேய எரிபொருள்’ என்ற சொல்லை நண்பர்கள் இருவர் முன்மொழிந்துள்ளனர். சொல் இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் என்னால் உடன்பட இயலவில்லை. விற்பவர் கலன்மீது அச்சிட்ட விளம்பரத்தை நாமே கலைச்சொல்லாக்கினால், வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விக்கு அவர் கேட்கும் முன்பே பெயர் விடை சொல்லிவிடும்.

ஐசோபியூட்டேனைப் பியூட்டீன் போன்ற இலேசான ஒலிஃபின்களுடன் (இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்களுடன்), கந்தக அமிலம் அல்லது ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் துணையால் இணைத்து இதைப் பெறுகிறார்கள். மூலப்பொருள் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்தே வருகிறது. பென்சீனும் கந்தகமும் இதில் ஏறக்குறைய இல்லை என்பதே இதன் சிறப்பு. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழக்கமான பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். இருவீச்சுப் பொறியிலோ (two-stroke engine), உள்ளே வரும் எரிபொருளும் காற்றும் சேர்ந்த புதுக்கலவையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல்கூட எரியாமலே புகைவாய் வழியே வெளியேறக்கூடும். அதை முதலில் சுவாசிப்பவர் கருவியைக் கையில் பிடித்திருக்கும் தொழிலாளி. அவருடைய நுரையீரலுக்கு இந்த எரிபொருளால் கிடைக்கும் நன்மை மெய்யானது. அதை மறுப்பது என் நோக்கமன்று.

ஆனால் அந்த நன்மை அவ்வளவில் நின்றுவிடுகிறது. வழக்கமான பெட்ரோல் 1 லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு உண்டாகும்; இதிலும் 2 கிலோவுக்கு மேல் உண்டாகத்தான் செய்கிறது. கார்பன் மோனாக்சைடும் வெளிவருகிறது. ‘சூழல்நேயம்’ என்ற சொல்லை நம்பி ஒருவர் மூடிய கொட்டகைக்குள் பொறியை ஓட்டினால், அந்தப் பெயரே அவர் உயிருக்கு உலை வைக்கக்கூடும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

ஆகவே ‘குறைநச்சுப் பெட்ரோல்’ என்று வழங்கலாம் என்பது என் பரிந்துரை. ‘குறைக்கடத்தி’யில் வருவது போலக் ‘குறை’ என்ற முன்னொட்டு இங்கும் அளவைச் சுட்டுகிறது: நஞ்சு குறைந்துள்ளது, நீங்கிவிடவில்லை. ‘தூய பெட்ரோல்’ என்பதில் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. ‘நச்சு’ என்ற சொல் இடம்பெற்றால் எந்த நிறுவனமும் இதைப் பயன்படுத்தாது என்று ஒருவர் தடை எழுப்பக்கூடும். கலைச்சொல் பயன்படுத்துபவருக்காக ஆக்கப்படுவதால், இத்தடையை நான் பெரிதாகக் கொள்ளவில்லை. வேதியியல் நூல்களில் ‘அல்கைலேட்’ என்ற ஒலிபெயர்ப்பே நீடிக்கட்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோலை இத்தலைப்பின்கீழ்க் கொண்டுவர வேண்டாம். அது ஈரத்தை ஈர்க்கும். நீர் மிகுந்தால் கலனுக்குள் இரு அடுக்காகப் பிரியும். அதற்கு ‘எத்தனால் கலப்புப் பெட்ரோல்’ என்ற நேரடிப் பெயர் போதுமானது.

இனி, எந்த மாசு எவ்வளவு குறைகிறது என்று சொல்லாமல் பொதுப்படையாகப் பசுமை பேசும் விளம்பர உத்திக்கு உரிய சொல். ‘பசுமைக் கண்துடைப்பு’, ‘பசுமைப்பூச்சு’ ஆகிய இரண்டும் வழக்கில் உள்ளன. முன்னது செயலற்ற பாசாங்கைக் குறிக்கிறது. இங்கோ ஓர் உண்மையான சிறு நன்மையின்மேல் பெரிய உரிமைகோரல் பூசப்படுவதால் ‘பசுமைப்பூச்சு’ என்பதையே தேர்கிறேன். ‘பசுமைப்பூச்சு விளம்பரம்’, ‘பசுமைப்பூச்சுச் சொல்’ என்று தொடர்களை ஆக்கவும் அது இடம் தருகிறது.