பாகல் பிஞ்செல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது, வேப்பெண்ணெய் அடித்தும் நிற்கவில்லை

பந்தல்வீடு (மேலூர்)

வணக்கம். மாடித்தோட்டம் போட்டு மூன்று வருடம் ஆகிறது. கீரை, தக்காளி, கத்தரி எல்லாம் ஓரளவு கைகொடுத்தன. பாகல்தான் இந்த முறை அழ வைக்கிறது.

ஆடிப்பெருக்கு அன்று ஆறு பைகளில் நீட்டுப் பாகல் ஊன்றினேன். கொடி பந்தலை மூடிவிட்டது, இலை பச்சைப்பசேல் என்று இருக்கிறது. புரட்டாசி பிறந்ததும் பிஞ்சு இறங்க ஆரம்பித்தது. இதுவரை 40 பிஞ்சுக்கு மேல் எண்ணியிருப்பேன், அடுப்படிக்கு வந்தது மூன்றே காய். சிலது சுண்டுவிரல் நீளம்கூட வராமல் மஞ்சளாகி உதிர்கிறது. சிலது கொஞ்சம் பெரிதாகி, ஒரு பக்கமாக வளைந்து, தொட்டால் கொழகொழ என்று ஆகிவிடுகிறது.

லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், காதி சோப்புக் கரைசலோடு, வாரம் இரண்டு முறை காலை ஏழு மணிக்கு அடிக்கிறேன். இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலும் ஒரு முறை அடித்தாயிற்று. மாந்தோப்பில் கட்டுகிற பழ ஈப் பொறி ஒன்றை வாங்கித் தொங்கவிட்டு 20 நாள் ஆகிறது, ஒரு ஈ கூட விழவில்லை. அதனால் இது பழ ஈ இல்லை என்று நினைக்கிறேன். உதிர்ந்ததை வீணாக்காமல் மட்குத் தொட்டியில் போட்டுவிடுகிறேன். மருந்துக் கடையில் கேட்டதற்கு ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அடிக்க மனம் வரவில்லை, இன்னும் திறக்கவில்லை.

என் மாமியாருக்குச் சர்க்கரை. பாகல் பொரியல் என்றால் அவருக்கு அவ்வளவு பிரியம். தினமும் சாயங்காலம் மாடிக்கு வந்து, "இன்னைக்கு எத்தனை நிக்குது?" என்று கேட்கிறார். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கீரைப்பாத்தி (தஞ்சாவூர்)

அக்கா, எதையும் அடிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். மஞ்சளான பிஞ்சு பத்துப் பறித்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே புழு இருக்கிறதா இல்லையா என்று தனித்தனியாக எழுதுங்கள். எங்கள் வீட்டில் பாகல் கொட்டியபோது நான் இதைச் செய்யாமல் ஒரு பட்டத்தையே இழந்தேன்.

பந்தல்வீடு (மேலூர்)

தம்பி, இன்று காலை பறித்து எவர்சில்வர் தட்டில் வைத்துக் கீறினேன். பத்தில் ஆறு சுத்தமாக இருந்தது. எல்லாமே குட்டிப் பிஞ்சு, உள்ளே விதை கூடப் பிடிக்கவில்லை, சும்மா வெளிறிப்போய் இருக்கிறது. மீதி நாலும் வளைந்த காய். கீறியதும் ஒரு புளித்த வாடை. அரிசிமணி அளவில் வெள்ளைப் புழு ஏழெட்டு நெளிந்தது. அதில் ஒன்று உடம்பை வளையமாகச் சுருட்டி, தட்டிலிருந்து தெறித்துக் கீழே விழுந்தது. புழு குதித்து நான் பார்த்ததே இல்லை.

வளைந்த காயின் உள்வளைவில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வாயில் பிசின் மாதிரி பழுப்பாக உறைந்திருக்கிறது.

வேப்பமரத்தடி (ஒட்டன்சத்திரம்)

அம்மா, அந்தக் குதித்த புழுவே போதும், பழ ஈ தான். ஆனால் உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. இரண்டும் பார்வைக்கு ஒரே மஞ்சள் என்பதால்தான் குழப்பம். பந்தல் காய்கறி போட்டு எனக்கு 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. மாடியில் போடுகிறவர்கள் பலரும் இங்கேதான் இடறுகிறார்கள்.

புழு இல்லாத ஆறு பிஞ்சும் மகரந்தம் சேராமல் போனவை. பாகலில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்கு அடியில் பூக்கும்போதே முள்முள்ளாகக் குட்டிப் பிஞ்சு இருக்கும். மகரந்தம் வந்து சேர்ந்தால் பெருக்கும், இல்லையென்றால் மஞ்சளாகி உதிரும். பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாகல் பூ விடியற்காலையில் மலர்கிறது, தேனீ வருவதும் அந்தக் காலைப் பொழுதில்தான். நீங்கள் சரியாக ஏழு மணிக்கு வேப்பெண்ணெய் அடித்தால் தேனீ எப்படி வரும்? தெளிப்பை சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். காலை ஒன்பது மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, அதன் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்கு வரும். (பீர்க்கும் போட்டிருந்தால் அது மாலையில் மலரும், நேரம் மாறும்.)

இனி பழ ஈ. பெண் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். புழு உள்ளேயே பொரித்து உள்ளேயே தின்னும். நீங்கள் வெளியே அடிக்கிற எதுவும் அதைத் தொடாது. அந்தக் கடை மருந்தும் அப்படித்தான். இரண்டு நாளுக்கு ஒரு முறை பறித்துச் சாப்பிடுகிற காயில் அது வேண்டவே வேண்டாம். புழு முற்றியதும் காயை விட்டு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழு ஆகும், பிறகு ஈயாகி மேலே வரும். இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். சொல்லவே வருத்தமாக இருக்கிறது, உங்கள் மட்குத் தொட்டி அவற்றுக்குத் தொட்டில் ஆகிவிட்டது.

வளைந்த காய், பிசின் வைத்த காய், உதிர்ந்த காய் எதையும் விடாமல் தினமும் பொறுக்கி, கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் புகாமல் கட்டி, நல்ல வெயிலில் ஒரு வாரம் போடுங்கள். அதன் பிறகு மட்கில் சேர்க்கலாம். செடி வைத்த பையில் இருக்கிற மேல்மண்ணை இரண்டு அங்குலம் வேர் அறுபடாமல் கிளறிவிட்டால், கூட்டுப்புழு வெயிலிலும் எறும்பிடமும் மாட்டும்.

அடுத்தது உறை. இதை மட்டும் செய்தாலே பாதி காய் தப்பும். பூ வாடிக் கருகியதும், பிஞ்சு விரல் அளவு இருக்கும்போதே, செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி மாட்டி, மேலும் கீழும் மடித்து ஸ்டேப்ளர் போடுங்கள். மழை வந்தால் தாள் நைந்துவிடும், அப்போது பழைய பருத்திச் சேலைத் துணியில் பை தைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வேர்த்துக் காய் அழுகும்.

கீரைப்பாத்தி (தஞ்சாவூர்)

ஐயா சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அக்கா வாங்கியது மாம்பழ ஈக்கான பொறி. அதில் இருப்பது மெத்தில் யூஜினால் என்கிற ஈயை இழுக்கும் வாசனைப் பொருள், பாகல் புடலையைத் தாக்குகிற ஈ அதற்கு வராது. அதற்குக் 'கியூ லூர்' என்று கேட்டு வாங்க வேண்டும். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

வேப்பமரத்தடி (ஒட்டன்சத்திரம்)

தம்பி சொன்னது சரி, எனக்கு விட்டுப்போயிற்று. ஆனால் அதிலும் விழுவது ஆண் ஈ மட்டும்தான். முட்டையிடுவது பெண் ஈ. மாடியில் ஒரு பொறியை நம்பி உறை போடாமல் இருந்துவிடாதீர்கள். ஈ நடமாட்டம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

பந்தல்வீடு (மேலூர்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மட்குத் தொட்டியைக் கிளறியபோது கோதுமைமணி மாதிரி பழுப்புக் கூடுகள் கை நிறைய வந்தன. என் கையாலேயே வளர்த்திருக்கிறேன் என்று மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. எல்லாவற்றையும் பையில் கட்டி வெயிலில் போட்டேன்.

காலையில் பூ தொடுகிற வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். காப்பி குடித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஏறிவிடுகிறார். அவர் தொட்ட பிஞ்சு பெரும்பாலும் நிற்கிறது. உறை போட்டது 18, அதில் 14 நல்ல காயாகப் பறித்தோம். கெட்ட நாலில் இரண்டு, நான் தாமதமாக உறை போட்டது; திறந்தபோது ஏற்கனவே ஓட்டை இருந்தது. உறை எட்டாத உச்சிக் கொடியில் இன்னும் வளைந்த காய்தான் வருகிறது. அதைப் பறித்துப் பையில் போட்டுவிடுகிறேன். மருந்து பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஒரு காயை விதைக்கு விடலாம் என்று இருக்கிறோம். பழுக்கும்வரை உறையைக் கழற்றலாமா?

வேப்பமரத்தடி (ஒட்டன்சத்திரம்)

கழற்ற வேண்டாம் அம்மா. முற்றிய காயிலும் ஈ முட்டை வைக்கும். துணிப் பையைக் கொஞ்சம் தளர்த்திப் பெரிதாகக் கட்டுங்கள். மஞ்சள் ஏற ஆரம்பித்ததுமே பறித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், கொடியிலேயே விட்டால் வெடித்துச் சிதறும். இரண்டு மூன்று நாளில் பழுத்துவிடும். விதை மேல் இருக்கிற சிவப்புச் சதையைக் கழுவி எடுத்து, நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி வையுங்கள். தைப் பட்டத்துக்கு ஆகும்.