அமெரிக்கக் கடையில் சிந்தசைசர் வாங்கி, பார்சல் ஃபார்வர்டிங் மூலம் கோவைக்கு வரவழைக்கலாமா?

கேள்வி: கோவை_கட்டை

அனைவருக்கும் வணக்கம். 37 கட்டைகள் கொண்ட ஒரு சிந்தசைசரை (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கீபோர்டு) ஆறு மாதங்களாகத் தேடுகிறேன். இங்குள்ள கடைகள் எதிலும் அது கிடைக்கவில்லை. அமெரிக்க இசைக்கருவிக் கடை ஒன்றின் தளத்தில் 300 டாலருக்கு இருக்கிறது, ஆனால் அவர்கள் அந்நாட்டுக்கு வெளியே அனுப்புவதில்லை. டெலவேர் மாநிலத்தில் கிடங்கு வைத்திருக்கும் ஒரு ஃபார்வர்டிங் நிறுவனத்தில் பதிவு செய்தால் நமக்கென்று ஒரு முகவரி தருவார்கள் என்றும், கடை அங்கே அனுப்பும் பொருளை அவர்களே கூரியரில் நம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றும் நண்பர் ஒருவர் சொன்னார். அவர்களுடைய தளத்தில் கருவியின் எடையான 3.2 கிலோவைக் கொடுத்துப் பார்த்தேன். 52 டாலர் என்று காட்டியது.

சுங்கத் தீர்வையைப் பற்றித்தான் எனக்குக் குழப்பம். சிலர் 42.08 விழுக்காடு என்கிறார்கள், சிலர் 77.28 என்கிறார்கள். அன்பளிப்பு என்று எழுதச் சொன்னால் தீர்வையே இராது என்கிறார் நண்பர். அனுபவப்பட்டவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: பெட்டிக்குள்_பெட்டி

தீர்வைக்குப் போகும் முன் அந்த 52 டாலரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. விமானக் கூரியரில் தராசு காட்டும் எடையையும் பெட்டியின் பருமனைக் கொண்டு கணக்கிடும் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் வாங்குவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பதே வழக்கம். 37 கட்டைக் கருவியின் பெட்டி சுமார் 70, 35, 18 என்று வைத்துக்கொண்டால் 8.82 வருகிறது, அதை 9 கிலோவாக்கித்தான் எழுதுவார்கள். கீபோர்டு போன்ற நீளமான, எடை குறைந்த பொருள்களுக்கு இந்தச் சூத்திரத்தைப் போல் பகை வேறில்லை.

பெட்டியை மாற்றிச் சிறிதாக்கித் தருகிறோம் என்று கிடங்கில் சொல்வார்கள். வெளிப்பெட்டியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். தயாரிப்பாளரின் உள்பெட்டியையும் அதிலுள்ள நுரை அச்சையும் தொட வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நான் எட்டு டாலர் மிச்சம் பிடிக்கப் போய் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். காற்றுக்குமிழித் தாளில் சுற்றி வந்த கருவியில் ஃபில்டர் திருகு (ஒலியின் தன்மையை மாற்றத் திருப்பும் குமிழ்) ஒன்று தண்டோடு ஒடிந்து, பெட்டியின் மூலையில் கிடந்தது. மறுபொதியல் நீங்களே கேட்டது என்பதால் காப்பீடு பொருந்தாது என்று பதில் வந்தது.

மறுமொழி: அட்டைதாரர்

முகவரியைப் பற்றி இரண்டு செய்திகள். டெலவேரையும் ஆரிகனையும் இந்த நிறுவனங்கள் நாடுவதற்குக் காரணம், அங்கே மாநில விற்பனை வரி கிடையாது என்பதே. பொருள் போய்ச் சேரும் முகவரியை வைத்துத்தான் கடைகள் அந்த வரியை விதிக்கின்றன. அடுத்து, உங்களுக்குத் தரப்படும் முகவரியில் தெருப் பெயரும் கதவு எண்ணும் அங்குள்ள ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பொதுவானவை. உங்களைப் பிரித்துக் காட்டுவது சூட் எண் (உங்களுக்கென ஒதுக்கப்படும் தனி அறை எண்) ஒன்றுதான். கடையின் படிவத்தில் இரண்டாவது முகவரி வரியை வெறுமையாக விட்டுவிட்டால், பொதி உரிமையாளர் தெரியாமல் கிடங்கில் முடங்கிவிடும்.

பணம் செலுத்துவதிலும் சிக்கல் வரலாம். பல அமெரிக்கக் கடைகள் அட்டைக்குரிய முகவரியை வங்கியின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. இந்திய அட்டைகளில் அந்த ஒப்பீடு பெரும்பாலும் தோல்வியடைகிறது. ஃபார்வர்டிங் கிடங்குகளின் முகவரிகளை அடையாளம் கண்டு ஆர்டரை ரத்து செய்யும் கடைகளும் உண்டு. ஆகவே ஆர்டர் போடுமுன் கடைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது. ஃபார்வர்டிங் நிறுவனமே நமக்காக வாங்கித் தரும் வசதியும் இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம். உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2020-க்குப் பிறகு வழங்கப்பட்ட அட்டைகளில் நாமே அதை இயக்கினால்தான் வேலை செய்யும்.

கோவை_கட்டை

மிக்க நன்றி. 9 கிலோ என்று கொடுத்துப் பார்த்தேன், 96 டாலர் என்கிறது. இன்னும் தீர்வை பாக்கி இருக்கிறது என்பதை நினைத்தால் கை நடுங்குகிறது.

மறுமொழி: தீர்வைக்_கணக்கு

முதலில் அன்பளிப்பு யோசனையைக் கைவிடுங்கள். 2019 டிசம்பரில் வெளிநாட்டு வணிக இயக்ககம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, அஞ்சலிலோ கூரியரிலோ அன்பளிப்பாக விடுவிக்கக் கோரி பொருள்களை இறக்குமதி செய்வதே தடை செய்யப்பட்டது. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் வேண்டாம். சுங்கச் சட்டத்தின் 111-ஆவது பிரிவின்படி பொருளைப் பறிமுதல் செய்யலாம் என்பது ஒருபுறம் இருக்க, வழியில் பொதி தொலைந்தால் நீங்கள் எழுதிய விலைக்குத்தான் காப்பீடும் கிடைக்கும்.

இனி அந்த 77.28 எங்கிருந்து வந்தது என்பது. 2023-இல் நானும் இப்படி ஒரு கருவியை வரவழைத்தேன். அப்போது சொந்த உபயோகத்துக்கான இறக்குமதிக்கு அடிப்படைத் தீர்வை 35 விழுக்காடு, அந்தத் தீர்வையின் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, இவை இரண்டையும் விலையோடு சேர்த்த தொகையின் மேல் 28 விழுக்காடு ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி). எல்லாம் சேர்ந்து 77.28. அடிப்படைத் தீர்வை 10 விழுக்காடாக இருந்தால் இதே கணக்கு 42.08 என்று முடியும். ஆக, நீங்கள் படித்த இரண்டு எண்களும் ஒரே ஏணியின் வெவ்வேறு படிகள்தாம்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். மதிப்பு என்பது பொருளின் விலை மட்டுமன்று, அனுப்பும் செலவும் காப்பீடும் அதில் சேரும். ஆனால் விமானக் கட்டணத்தைப் பொருள் விலையில் 20 விழுக்காட்டுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று மதிப்பீட்டு விதிகள் சொல்கின்றன. ஆகவே உங்கள் 96 டாலரில் 60 மட்டுமே கணக்கில் வர வேண்டும். காப்பீட்டை விட்டுவிட்டால் மதிப்பு 360. அடிப்படைத் தீர்வை 126, கூடுதல் வரி 12.60, ஐ.ஜி.எஸ்.டி. சுமார் 139.60, கூட்டினால் 278 டாலருக்குச் சற்று மேல். அன்றைய விகிதத்தில் உங்கள் 300 டாலர் கருவி 674 டாலருக்கு வீடு வந்திருக்கும். அதன்பின் அடிப்படைத் தீர்வையும் குறைந்தது, பெரும்பாலான பொருள்களுக்கு ஐ.ஜி.எஸ்.டி.யின் 28 விழுக்காட்டு அடுக்கே 2025 செப்டம்பரில் நீங்கியது. எனவே பழைய பதிவுகளில் உள்ள எண்களை நம்பாமல், ஆர்டர் போடும் நாளில் நடப்பில் உள்ள விகிதங்களை இதே ஏணியில் இட்டுக்கொள்ளுங்கள். இது தவிர, நமக்காகத் தீர்வையை முன்கூட்டிக் கட்டியதற்குக் கூரியர் நிறுவனம் ஒரு சேவைக் கட்டணம் வாங்கும். ஆதார் அல்லது பாஸ்போர்ட் பிரதியைக் கேட்டு இணைப்பு வந்தால் அன்றே ஏற்றிவிடுங்கள். அது இல்லாமல் பொதி நகராது.

திருப்பி அனுப்பும் கெடுவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடை தரும் 30 நாள் அவகாசம் கிடங்கில் பொருள் இறங்கிய நாளிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. கிடங்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் எடுத்து அனுப்புவார்கள், ஆனால் கருவியை இயக்கிப் பார்க்க மாட்டார்கள். பல பொருள்களைச் சேர்த்து ஒரே பொதியாக அனுப்பலாம் என்று காத்திருந்தால், ஊமைக் கட்டை ஒன்று இருப்பது தெரியவரும்போது அந்த அவகாசம் முடிந்திருக்கும்.

மறுமொழி: மதுரை_ஒலியகம்

ஒரு சிறு சேர்ப்பு. அமெரிக்கக் கருவியோடு வரும் அடாப்டரில் உள்ள அச்செழுத்துகளைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்றிருந்தால் முனையை மட்டும் மாற்றினால் போதும்; 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியில் அது போய்விடும். இங்கே மாற்று வாங்கும்போது வோல்ட்டோடு துருவத்தையும் பாருங்கள். இசைக்கருவிகள் பலவற்றில் பிளக்கின் நடுமுனை எதிர்மின், நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவற்றில் நடுமுனை நேர்மின்.

கோவை_கட்டை

கையேட்டைத் தேடிப் பார்த்தேன். 12 வோல்ட், நடுமுனை எதிர்மின், அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானது. காந்திபுரத்தில் ஒரு கடையில் 12 வோல்ட் அடாப்டரின் முனையை மாற்றிப் பற்றவைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிடங்கு முகவரிக்கு அனுப்புவீர்களா என்று கேட்டு நேற்றிரவு கடைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.