ஜோத்பூர் போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். ஜனவரியில் அம்மாவை ஜோத்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். 67 வயது, இரண்டு முட்டியிலும் வலி. நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தைச் சுற்றும்போதே நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் எழுந்திருப்பார்கள். ஆனாலும் 1459-இல் ராவ் ஜோதா கட்டத் தொடங்கிய மெஹரான்கர் கோட்டையைப் பார்த்தே ஆக வேண்டுமாம்.

அங்கே லிஃப்ட் இருப்பது தெரியும். என் கவலை ‘லோஹா போல்’ என்கிற கோட்டை வாசல். மன்னர் மான் சிங் 1843-இல் இறந்தபோது உடன்கட்டை ஏறிய ராணிகளின் கைத்தடங்கள் அந்தச் சுவரில் இருக்கின்றன. போனில் அந்தப் படத்தைப் பார்த்ததும் அம்மா தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, ரொம்ப நேரம் பேசவே இல்லை. லிஃப்டில் ஏறினால் அந்த வாசலுக்குச் சரிவில் எவ்வளவு தூரம் இறங்கி நடக்க வேண்டும்? சக்கர நாற்காலி கிடைக்குமா?

அப்புறம், மணிக்கூண்டுப் பக்கம் சர்தார் மார்க்கெட்டில் மத்தானியா மிளகாய் வற்றல் வாங்கணும். நம்ம டவுன் ரதவீதி மாதிரி நெரிசல் என்கிறார்கள். ஆட்டோ எதுவரை போகும்? காலையிலேயே போனால் கூட்டம் குறைவாக இருக்குமா? வயதானவர்களோடு போய் வந்தவர்கள் அவசியம் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் ரூம் போடணும்.